மீட்டர் மாறியதும் பில் ஏறுவது ஏன்? வட்டு மீட்டரும் மின்னணு மீட்டரும் அளக்கும் விதம்

வாசல் சுவரில் இருபது முப்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த வட்டு மீட்டரைக் கழற்றிவிட்டு மின்னணு மீட்டரைப் பொருத்திய பிறகு வருகிற முதல் கணக்கெடுப்பிலேயே யூனிட் கூடியிருப்பதைக் கண்டு, “புது மீட்டர் வேகமாக ஓடுகிறது” என்று முறையிடுவோரைத் தமிழ்நாட்டின் எந்த மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் காணலாம். அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய மீட்டர் மெதுவாக ஓடியது, புதியது சரியாக ஓடுகிறது. இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு, இரண்டிலும் குறையும் உண்டு. ஒரு மீட்டர் துல்லியமானதா என்று கேட்பவர், எவ்வளவு சுமை ஓடும்போது என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். அதைக் கேட்காதவரை மின்வாரியமும் நுகர்வோரும் ஒரே வீட்டைப் பற்றி வெவ்வேறு கணக்கைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வட்டு மீட்டர் அடிப்படையில் ஒரு சிறு மோட்டார். இத்தாலிய இயற்பியலாளர் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் செயல்படுத்திக் காட்டிய சுழலும் காந்தப்புலத்தின் வழியில், புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி 1889இல் அதை மின்சார அளவீட்டுக்குக் கொண்டுவந்தார். மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுற்று சுற்றிய சுருள் ஒன்று மின்னழுத்தத்தோடும், தடித்த கம்பியால் சில சுற்றுகளே சுற்றிய மற்றொன்று வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தோடும் இணைந்திருக்கும். இவ்விரண்டின் காந்தப்புலங்களும் நடுவிலுள்ள அலுமினிய வட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, வீடு அந்த நேரத்தில் எடுக்கும் திறனுக்கு ஏற்ற விசையோடு வட்டைத் தள்ளும். தள்ளும் விசை மட்டும் இருந்தால் வட்டு வேகம் கூடிக்கொண்டே போகும் என்பதால், ஒரு நிலைக்காந்தம் வட்டின் வேகத்துக்கு ஏற்ற தடையை எதிர்ப்பக்கமாகக் கொடுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வட்டின் வேகம் திறனுக்கு நேர்விகிதமாக அமையும். சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணினால் யூனிட் கிடைத்துவிடும். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல், பெருக்கலையும் கூட்டலையும் ஒரு தகட்டைக் கொண்டே செய்து முடிக்கும் இந்த அமைப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் மின்கணக்கைச் சுமந்தது வியப்புக்குரியதே.

இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டுமானால் உராய்வு இல்லாதிருக்க வேண்டும். அச்சின் முனையில் மணிக்கல் தாங்கி வைத்தாலும், பற்சக்கரங்களை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும், கொஞ்சம் உராய்வு மிஞ்சத்தான் செய்யும். கிரைண்டரும் மோட்டாரும் ஓடும்போது வட்டைத் தள்ளும் விசை மிகப் பெரிது என்பதால் அந்த உராய்வு ஒரு பொருட்டாகாது. வீட்டில் ஒரே ஒரு சிறு விளக்கு எரியும்போது தள்ளும் விசையும் மிகச் சிறியதாகிவிடுவதால், அதே உராய்வு அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகிறது. ஆகவே வட்டு மீட்டரின் பிழை எல்லாச் சுமையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சுமை குறையக் குறைய அது வளர்கிறது.

செய்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மின்னழுத்தச் சுருளின் அருகே ஒரு சிறு திருத்தத்தைச் செய்து, உராய்வை ஈடுகட்டும் அளவுக்கு வட்டுக்கு எப்போதும் ஒரு மெல்லிய உந்துதல் கிடைக்கும்படி அமைத்தார்கள். ஆனால் அந்த உந்துதல் கொஞ்சம் கூடினாலும், வீட்டில் எதுவும் ஓடாதபோதும் வட்டு தானாக நகரத் தொடங்கிவிடும். அதைத் தடுப்பதற்காக வட்டில் எதிரெதிரே இரண்டு சிறு துளைகளை இட்டார்கள். துளை காந்தத்தின் கீழ் வந்ததும் சுழல் மின்னோட்டத்தின் பாதை குலைந்து வட்டு அங்கேயே நின்றுவிடும். தானாக நகர்வதைத் தடுக்கும் அந்த ஏற்பாடு, மிகச் சிறிய சுமையில் வட்டு கிளம்புவதையும் தடுக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டு மீட்டர் சிறு சுமையைத் தவறவிடுவது பழுதினால் மட்டும் வருவதில்லை. நல்ல மீட்டரிலும் அதன் கட்டமைப்போடு சேர்ந்தே அது வருகிறது.

ஆண்டுகள் ஓடும்போது இந்தக் குறை வளர்கிறது. தூசி படிகிறது, எண்ணெய் பிசுபிசுக்கிறது, அச்சின் முனை தேய்கிறது, உள்ளே பூச்சி கூடு கட்டுகிறது; இவையெல்லாம் வட்டை மெதுவாக்குகின்றன. மாறாக, மின்னல் போன்றவற்றால் ஏற்படும் கடும் மின்னெழுச்சி நிலைக்காந்தத்தைப் பலவீனப்படுத்தினால் தடை குறைந்து வட்டு வேகமாக ஓடும். பழைய மீட்டர் எப்போதுமே நுகர்வோருக்குச் சாதகமாகத்தான் ஓடும் என்ற பொதுநம்பிக்கை அந்த அளவில் தவறானது. எனினும் உராய்வு கூடும் வழிகளே பல என்பதால், வயதான மீட்டர் மெதுவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சட்டமும் இந்தச் சிறு சுமைப் பகுதியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 57ஆம் விதி, பொருத்தமான இந்தியத் தரநிலை இல்லாத மீட்டரைப் பொறுத்தவரை, முழுச் சுமையின் பத்தில் ஒரு பங்குக்கு மேலிருந்து முழுச் சுமை வரை பிழை 3 சதவீதத்துக்குள் இருந்தால் அதைச் சரியான மீட்டராகக் கொள்ளலாம் என்றது. முழுச் சுமை 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு 1 ஆம்பியர், அதாவது 230 வாட் அளவு. அதற்குக் கீழே எவ்வளவு பிசகினாலும் அந்த விதி கேட்கவில்லை. நான்கு குண்டு பல்புகள் எரிந்தாலே 240 வாட் ஆகிவிடும் என்றிருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. பல்பு எரியாத நேரத்தில் வீடு மின்சாரமே எடுக்கவில்லை.

இன்றைய வீடு அப்படியில்லை. எல்இடி விளக்கு 9 வாட், மின்விசிறி 75 வாட், இரவு பகலாக அணையாத வைஃபை கருவி, ரிமோட்டில் அணைத்த பின்னும் விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ், சுவரில் செருகியபடியே இருக்கும் சார்ஜர்கள் என்று நாளின் பெரும்பகுதி அந்த 230 வாட்டுக்குக் கீழேயே கழிகிறது. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 1,440 மணி நேரம் இருக்கிறது. 10 வாட் எடுக்கும் ஒரு கருவி ஓயாமல் ஓடினால் அதற்கு மட்டும் 14.4 யூனிட் ஆகும். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதன் சுமையோடு சேர்ந்து இந்த 10 வாட்டும் வட்டு மீட்டரில் ஏறிவிடும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வீடு பூட்டிக் கிடக்கும் மணி நேரங்களில்தான் அது தப்புகிறது. ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் 15 வாட் மட்டும் ஓடி, தேய்ந்த வட்டு அதற்கு அசையாமல் நின்றுவிட்டது என்று கொண்டால், இரண்டு மாதத்தில் கணக்கில் வராமல் போவது 9 யூனிட்.

ஒன்பது யூனிட் அற்பம் என்று தோன்றலாம். தமிழ்நாட்டின் கட்டண அடுக்கில் அது அற்பமாக இருப்பதில்லை; இந்த விவகாரத்தில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான் என்பது என் கருத்து. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம்; அதன் பிறகு தொகைகள் உயர்ந்திருந்தாலும் கணக்கின் போக்கைக் காட்ட அது போதும். 500 யூனிட் வரை பயன்படுத்துபவருக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டியவருக்கு 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 500க்கு மேற்பட்ட முதல் 100 யூனிட்டுக்கு 8 ரூபாய். உண்மையில் 505 யூனிட் செலவழிக்கும் வீட்டில், 3 சதவீதம் மெதுவாக ஓடும் வட்டு மீட்டர் 490 என்று காட்டும். பில் 1,665 ரூபாய். அதே வீட்டில் சரியாக ஓடும் மின்னணு மீட்டர் 505 காட்டும். பில் 1,990 ரூபாய். மீட்டரின் அளவு 3 சதவீதமே மாற, தொகை 325 ரூபாய் கூடி, ஏறத்தாழ 20 சதவீத உயர்வாகக் கையில் வருகிறது. பழைய விதி அந்த வட்டு மீட்டரையும் சரியானது என்றே சொல்லியிருக்கும். “மீட்டர் சூடு வைத்துவிட்டது” என்று சொல்லும் குடும்பத்தலைவி பொய் சொல்லவில்லை. அவர் பில்லைப் பார்த்துப் பேசுகிறார், சோதனைக் கூடம் மீட்டரைப் பார்த்துப் பேசுகிறது. சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டுவது இடையிலுள்ள அடுக்கு.

மின்னணு மீட்டரில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டம் ஷண்ட் எனப்படும் மாங்கனின் உலோகத் துண்டின் வழியாகப் போகிறது. அதன் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் மிகச் சிறிய மின்னழுத்தம் மின்னோட்டத்தின் அளவைச் சொல்கிறது. வெப்பம் ஏறி இறங்கினாலும் மின்தடை அதிகம் மாறாது என்பதாலேயே அந்த உலோகக் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சில்லு, நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகிறது. குறித்த அளவு சேர்ந்ததும் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. உராய்வு இல்லாததால், பெரிய சுமையில் இருக்கும் துல்லியம் மிகச் சிறிய சுமை வரை பெரும்பாலும் குலையாமல் இறங்குகிறது. பன்னாட்டுத் தரநிலையின்படி, நேரடி இணைப்புள்ள முதல் வகுப்பு மீட்டர் அதன் அடிப்படை மின்னோட்டத்தில் 0.4 சதவீதத்திலேயே எண்ணத் தொடங்கிவிட வேண்டும். முகப்பில் 5-30 ஆம்பியர் என்று பொறித்த, அதாவது அடிப்படை மின்னோட்டம் 5 ஆம்பியரான வீட்டு மீட்டருக்கு அது 20 மில்லியாம்பியர். ஐந்து வாட்டுக்கும் குறைவு.

முதல் வகுப்பு என்றால் வரையறுத்த சுமைப் பரப்பில் பிழை கூடுதலாகவோ குறைவாகவோ 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பொருள். மத்திய மின்சார ஆணையம் 2006இல் வெளியிட்ட மீட்டர் ஒழுங்குமுறைகள், புதிதாகப் பொருத்தும் நுகர்வோர் மீட்டர்கள் மின்னணு வகையாகவே இருக்க வேண்டும் என்றும், 650 வோல்ட் வரையிலான இணைப்புகளுக்கு முதல் வகுப்பு அல்லது அதைவிடச் சிறந்த துல்லியம் வேண்டும் என்றும் வகுத்தன. அதன் பிறகு புது வீடுகளில் வட்டு மீட்டருக்கு இடமில்லாமல் போனது.

மின்னணு மீட்டர் திறன் காரணியையும் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்த பெருக்கத்தில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்பதைக் காட்டும் விகிதம்) சேர்த்துக் கணக்கிட்டு ஏமாற்றுகிறது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. இரண்டு வகையும் வீட்டுக்குக் கணக்கிடுவது உண்மையான ஆற்றலான கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டைத்தான். வேறொரு காரணம் உண்மையில் கவனிக்கத்தக்கது. மின்திருட்டைத் தடுப்பதற்காக, நம் நாட்டின் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மின்னணு மீட்டர்கள் ஃபேஸ் கம்பியிலும் நியூட்ரல் கம்பியிலும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்து, இரண்டில் எது கூடுதலோ அதைக் கணக்கில் எடுக்கும்படி அமைந்துள்ளன. வயரிங் ஒழுங்காக இருந்தால் இரண்டும் சமம். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்து, இன்வெர்ட்டர் வைத்தபோதோ அறை கூட்டிக் கட்டியபோதோ இரண்டு வீட்டு நியூட்ரலையும் எலெக்ட்ரீஷியன் ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தால், மாடிவீட்டு மின்னோட்டத்தின் ஒரு பகுதி கீழ்வீட்டு மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். கீழ்வீட்டார் பயன்படுத்தாத யூனிட் அவர் கணக்கில் ஏறும். ஃபேஸ் பக்கத்தை மட்டும் பார்த்த பழைய வட்டு மீட்டருக்கு இந்தக் கோளாறு தெரிந்திருக்காது. மீட்டரின் முகப்பில் எர்த் என்ற குறியுள்ள விளக்கு எந்நேரமும் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வயரிங்கைத்தான். மீட்டர் அளந்தது சரி. ஆனால் அது அளந்தது அந்த வீட்டின் மின்சாரத்தை மட்டும் அன்று. இத்தகைய வீடுகளுக்குப் போய் “மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் திரும்புவது நியாயமாகாது.

மின்னணு மீட்டரே தவறாக அளந்ததற்கும் நன்கு பதிவான சான்று உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் லெஃபெரிங்கும் அவருடைய குழுவினரும் 2004 முதல் 2014 வரை தயாரான ஒன்பது மின்னணு மீட்டர்களை ஒரே மின்பலகையில் இணைத்து, டிம்மரால் ஒளி குறைத்த எல்இடி, சிஎஃப்எல் விளக்குகள், ஹீட்டர் போன்ற சாதாரண வீட்டுச் சுமைகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின; ஒரு குறிப்பிட்ட அமைப்பில் பிழை 582 சதவீதம் வரை போனது. இரண்டு மீட்டர்கள் சுமார் 30 சதவீதம் குறைவாகக் காட்டின. 2017 மார்ச்சில் இந்த முடிவு பரவலாக வெளிவந்தபோது, இத்தகைய மீட்டர்கள் குறைந்தது 7.5 லட்சம் டச்சு வீடுகளில் பொருத்தப்பட்டிருப்பதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

காரணத்தை அறிந்தால் வியப்பு தணியும். அதிகமாகக் காட்டிய மீட்டர்களில் மின்னோட்டத்தை உணர ரோகோவ்ஸ்கி சுருள் என்ற காற்றுச் சுருளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அச்சுருள் மின்னோட்டத்தின் அளவை நேராகச் சொல்வதில்லை. அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைத்தான் சொல்லும், அதிலிருந்து அளவைப் பின்னர் கணக்கிட்டு எடுக்க வேண்டும். டிம்மர் ஒவ்வோர் அலையின் நடுவிலும் மின்னோட்டத்தை வெட்டித் திறப்பதால், அது மெதுவாக ஏறி இறங்குவதை விட்டுவிட்டுச் சுவர்போல் செங்குத்தாக எழுகிறது. அந்தத் திடீர் எழுச்சியில் சுருளின் சைகை மின்னணுச் சுற்றின் தாங்கும் எல்லையைக் கடந்துவிட, அதன் பின் வரும் கணக்கு முழுவதும் பிசகுகிறது. குறைவாகக் காட்டியவற்றில், காந்தப்புலத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அறியும் ஹால் உணரி இருந்தது. இந்த மீட்டர்கள் எல்லாம் தரச் சோதனையில் தேறியவை என்பதுதான் மனத்தை உறுத்தும் செய்தி. சோதனைக் கூடத்தில் கொடுத்தது சீரான அலை. வீட்டில் ஓடியது வெட்டுப்பட்ட அலை. மிகப் பெரிய பிழைகள் தோன்றிய அமைப்பு வழக்கமான வீட்டைப் போன்றதன்று என்று மறுப்பும் எழுந்தது. அதில் நியாயம் உண்டு, ஹீட்டர் போன்ற பெரிய சுமை கூடவே ஓடினால் பிழையின் விகிதம் சுருங்கிவிடும். எனினும் கேள்வி அங்கே முடியவில்லை. ஐரோப்பாவின் தேசிய அளவியல் நிறுவனங்கள் சேர்ந்து, இத்தகைய கலங்கிய அலைகளில் மீட்டரைச் சோதிக்கும் முறையை வகுக்கத் தனித் திட்டமே தொடங்கின. இந்தியாவின் ஒருமுனை மீட்டர்களில் பரவலாக இருக்கும் ஷண்ட்டுக்கு மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பெருக்கிக் காட்டும் அந்தக் குணம் கிடையாது என்பது ஆறுதல்.

இதற்கு நேர்மாறான அனுபவம் அமெரிக்காவில் கிடைத்தது. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின், 2009 கோடையில் பில் பன்மடங்கானதாகப் புகார்கள் குவிந்தன. மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஒரு தனி நிறுவனம் 750க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களையும் 147 பழைய மீட்டர்களையும் சோதித்து, 2010 செப்டம்பரில் அறிக்கை தந்தது. ஸ்மார்ட் மீட்டர்கள் துல்லியமாகவே இருந்தன. கடும் வெயிலும் கட்டண உயர்வும் மீட்டர் மாற்றத்தோடு ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததும், புகார் சொன்னவர்களை மின் விநியோக நிறுவனம் சரியாக நடத்தாததுமே கொந்தளிப்புக்குக் காரணங்கள் என்று அது குறிப்பிட்டது.

இரண்டு வகையும் பழுதாகும் விதத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. வட்டு மீட்டர் தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். வட்டு தயங்குவதை, நிற்பதை, தெருவில் போகிறவர்கூடக் காணலாம். மின்னணு மீட்டரில் மின்னெழுச்சியோ வெப்பமோ பாகத்தைக் கெடுத்தால் பெரும்பாலும் திரையே அணைந்துவிடும்; அரிதாக, திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே எண் பிசகும். அதைக் கண்டறிய நுகர்வோருக்கு வேறொரு மீட்டர் தேவை. இந்தத் தேவையைச் சட்டம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, மீட்டர் காட்டும் அளவு உண்மைப் பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று நுகர்வோர் முறையிட்டால், ஐந்து நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மின் விநியோக நிறுவனத்தின் கடமை. பழைய மீட்டரைக் கழற்றும் நாளில் அதன் கடைசி ரீடிங்கைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் அவசியம். அந்த ஓர் எண் தவறாகப் பதிவானால் புதிய மீட்டர் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

முறையிடுவதற்கு முன் வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். முகப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு 3200 துடிப்பு என்று பொறித்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டரை மட்டும் ஓட்டும்போது சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். இதில் ஒரு கவனம் தேவை: ஹீட்டரின் 1000 வாட் என்பது 230 வோல்ட்டில் மட்டுமே உண்மை. மாலை நேரத்தில் மின்னழுத்தம் 210க்கு இறங்கினால் அதே ஹீட்டர் எடுப்பது 834 வாட்தான். சிமிட்டல் 44 அல்லது 45 ஆகக் குறைந்தால் அது மீட்டரின் பிழையாகாது. மீட்டரின் திரையில் மாறி மாறி வரும் எண்களில் மின்னழுத்தமும் உண்டு என்றால், அதைக் குறித்துக்கொண்டு, 230ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 53ஐ அதனோடு பெருக்கினால் எதிர்பார்க்க வேண்டிய சிமிட்டல் கிடைக்கும். ஐந்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுத்தாலும் ஒன்றிரண்டு சதவீதப் பிழையை இதில் பிடிக்க முடியாது, ஹீட்டரின் வாட் அளவே அவ்வளவு முன்பின் இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் எழுத்துமூலம் மனு கொடுப்பதற்கு அது போதுமான காரணம்.